பிரிட்டனில் கூரையைப் பிரிக்கும் முன்: வௌவால் ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஃப்டை (கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம்) அறையாக மாற்றவோ பழைய கராஜை இடிக்கவோ கவுன்சிலுக்கு விண்ணப்பம் போட்டவர்களில் பலருக்கு ஒருநாள் அந்த மின்னஞ்சல் வருகிறது: வௌவால் ஆய்வறிக்கை இல்லாமல் உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியாது. கேள்விகள் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன. கோடைகால மாலைகளில் வீடுகளைச் சுற்றி நின்று, கூரையிலிருந்து கிளம்பும் வௌவால்களை எண்ணுவது என் வேலை. வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் உள்ள விதிகள் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு உரியவை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் வௌவாலுக்குப் பாதுகாப்பு இதே அளவு உண்டு. ஆனால் வௌவால் தங்கும் இடத்தில் வேலை செய்ய லைசென்ஸ் தரும் அமைப்பு வேறு. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டத்தின் பெயரும் வேறு.

இத்தனை சின்னப் பிராணிக்கு ஏன் இவ்வளவு சட்டம்?

பிரிட்டனில் 18 வகை வௌவால்கள் இருக்கின்றன. அவற்றில் 17 வகைகள் இங்கேயே குட்டி போடுபவை. எல்லாமே பூச்சி தின்பவை, பழம் தின்னும் வகை இங்கு கிடையாது. கடந்த நூற்றாண்டில் இவற்றின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. பொந்துள்ள முதிய மரங்கள் போயின. வயல்களில் அடித்த மருந்தால் இரை குறைந்தது. கூரை மரத்தை வண்டு அரிக்காமலிருக்க அடித்த லிண்டேன் போன்ற ரசாயனங்கள், அங்கே தங்கியிருந்த வௌவால்களை நேரடியாகவே கொன்றன.

சரிந்த எண்ணிக்கை சீக்கிரம் மீளாததற்குக் காரணம் அவற்றின் பிள்ளைப்பேறு. ஒரு பெண் வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். எலியைப் போலப் பல்கிப் பெருகும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். அதுமட்டுமல்ல, கோடையின் தொடக்கத்தில் சுற்றுவட்டாரத்துப் பெண் வௌவால்கள் வெதுவெதுப்பான ஓரிடத்தில் கூடி, அங்கேதான் குட்டி போட்டு வளர்க்கின்றன. ஆண்டுதோறும் அதே இடத்துக்குத் திரும்பியும் வருகின்றன. அந்த இடம் உங்கள் கூரையாக இருந்து, ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை ஓடுகளைப் பிரித்துவிட்டால், அந்த வட்டாரத்தின் ஒரு தலைமுறையே போய்விடும்.

இதனால்தான் 1981 ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டமும், 2017 ஆம் ஆண்டின் வாழிட, உயிரினப் பாதுகாப்பு விதிகளும் வௌவாலோடு சேர்த்து அது தங்கும் இடத்தையும் காக்கின்றன. வௌவால் அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டாலும் அது தங்கிடம்தான். குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கிறதே என்று அடைத்துவிட முடியாது.

எங்கள் வீட்டில் வௌவால் இல்லை. இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு எதற்கு ஆய்வு?

நான் அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இருந்தும் அதே வீட்டிலிருந்து வௌவால்கள் வெளிவருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது பிபிஸ்ட்ரெல் என்ற வகை. எடை சுமார் 5 கிராம். இறக்கையை மடித்துக்கொண்டால் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். உள்ளே நுழைய அதற்கு 15 முதல் 20 மில்லிமீட்டர் சந்து போதும். நழுவிய ஓடு, விரிந்த ஈயத் தகடு, சுவரும் கூரை விளிம்புப் பலகையும் சேரும் இடத்து இடைவெளி, இதெல்லாம் தாராளம். லாஃப்டுக்குள் தலைகீழாகத் தொங்கும் என்று எதிர்பார்த்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பிபிஸ்ட்ரெல் பெரும்பாலும் அங்கே வராது. ஓட்டுக்கும் அதன் அடியில் விரித்த ஃபெல்ட் என்ற தடித்த தாளுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். நீங்கள் வீட்டுக்குள் தொலைக்காட்சி முன்னால் உட்காரும் நேரத்தில் வெளியே கிளம்பும், எழுவதற்கு முன் திரும்பிவிடும்.

பழுப்பு நீள்காது வௌவால் வேறு ரகம். அதற்குப் பழைய, விசாலமான லாஃப்ட் வேண்டும். வெளியே போகுமுன் உள்ளேயே கொஞ்சம் பறந்து பார்க்கும். அது இருந்தால் உத்தரத்துக்கு நேர் கீழே புழுக்கை வரிசையாகக் கிடக்கும்.

எலிப் புழுக்கையா, வௌவால் புழுக்கையா என்று சந்தேகம் வந்தால் ஒன்றை டிஷ்யூ காகிதத்தில் வைத்து நசுக்குங்கள். எலியினுடையது காய்ந்ததும் கல்லாகிவிடும். வௌவாலுடையது முழுக்கப் பூச்சி ஓடு என்பதால் பொடிப்பொடியாக உதிரும், சில சமயம் மினுங்கும். எந்த வகை வௌவால் என்று தெரியவேண்டுமானால் அந்தப் புழுக்கையை ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎன்ஏ சோதனை செய்கிறோம்.

எந்த வேலைக்கெல்லாம் ஆய்வு கேட்பார்கள்?

கூரையைத் தொடும் எல்லா வேலைக்கும் கேட்கலாம்: லாஃப்ட் மாற்றம், கூரையை உயர்த்துவது, இரண்டாம் மாடி எக்ஸ்டென்ஷன், இடிப்பு, களஞ்சியத்தை வீடாக்குவது. பொந்துள்ள பெரிய மரத்தை வெட்டுவதும் இதில் சேரும். 1960க்கு முந்தைய வீடு, பக்கத்தில் காடோ ஆறோ ஏரியோ, ஓடுகளில் பழுது என்றெல்லாம் இருந்தால் வாய்ப்பு கூடுகிறது. அதற்காகப் புது வீட்டில் வராது என்று அர்த்தமில்லை. பிபிஸ்ட்ரெல் நவீன வீடுகளில் விருப்பத்தோடு தங்கும்.

ஆய்வு என்றால் என்னதான் செய்வீர்கள்?

இரண்டு கட்டம் உண்டு.

முதலாவது பகலில் நடப்பது. சூழலியலாளர் ஒருவர் ஏணி, டார்ச், பைனாகுலர், சந்துக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா சகிதம் வந்து கட்டிடத்தை உள்ளும் வெளியும் பார்ப்பார். புழுக்கை, தின்றுவிட்டுப் போட்ட அந்துப்பூச்சி இறக்கைகள், நுழைவாயில் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, சிலந்தி வலை இல்லாத சந்து, இவைதான் தடயங்கள். இதை ஆண்டின் எந்த மாதத்திலும் செய்யலாம். முடிவில் கட்டிடத்துக்கு ஒரு தரம் கொடுக்கிறோம்: வாய்ப்பே இல்லை, குறைவு, நடுத்தரம், அதிகம். வாய்ப்பே இல்லை என்று வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. நிறைய வீடுகளுக்கு அப்படி முடிகிறது, அதை யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது, மாலையில் வௌவால் வெளிவருகிறதா என்று காத்திருந்து பார்ப்பது. வாய்ப்பு குறைவான கட்டிடத்துக்கு ஒரு மாலை, நடுத்தரத்துக்கு இரண்டு, அதிகத்துக்கு மூன்று. இது பேட் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற வௌவால் பாதுகாப்பு அமைப்பு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியின் நான்காம் பதிப்பில் உள்ள கணக்கு. ஒரு மாலைக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம் விடவேண்டும். சூரியன் மறைய 15 நிமிடத்துக்கு முன்பே ஆட்கள் கட்டிடத்தின் எல்லாப் பக்கமும் தெரியும்படி நின்றுகொள்வார்கள். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கண்ணை எடுக்காமல் கூரையைப் பார்க்கவேண்டும். மறையும் நேரத்தில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையக்கூடாது, மழையும் பலத்த காற்றும் கூடாது.

முன்பெல்லாம் விடியற்காலையிலும் நிற்போம், வௌவால் திரும்பி நுழைவதைப் பார்க்க. இப்போது அகச்சிவப்புக் கேமராவும் வெப்பக் கேமராவும் வைத்து மாலையிலேயே தெளிவாகப் பதிவு செய்ய முடிகிறது. இருட்டிய பிறகு மெதுவாகக் கிளம்பும் நீள்காது வௌவாலை வெறுங்கண்ணால் தவறவிட்ட காலம் இதனால் போயிற்று. இந்தத் துறையில் சமீபத்தில் நடந்த மிக நல்ல மாற்றம் இதுதான் என்பேன். வீடியோ ஆதாரம் இருப்பதால் கவுன்சிலோடு வாதாடவேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது.

இருட்டில் பறப்பது எந்த வகை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அவை போடும் சத்தத்தை வைத்து. வௌவால் வாயாலோ மூக்காலோ ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரையைப் பிடிக்கிறது. மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது, வௌவால் கத்துவது பெரும்பாலும் அதற்கு மேலே. டிடெக்டர் என்ற கருவி அதை நமக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தருகிறது. காமன் பிபிஸ்ட்ரெல் 45 கிலோஹெர்ட்ஸ் அளவில் மிக ஓங்கி ஒலிக்கும். சொப்ரானோ பிபிஸ்ட்ரெல் 55 அளவில். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 1990கள் வரை ஒரே வகை என்றே எண்ணப்பட்டு வந்தன, ஒலி வேறுபாடுதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. பெரிய குதிரைலாட வௌவால் 82 அளவிலும், சிறியது 110 அளவிலும் நீளமாக, நடுக்கத்தோடு ஒலிக்கும். ஒருமுறை கேட்டால் மறக்காது.

விண்ணப்பத்தை அக்டோபரில் போடுகிறோம். ஆய்வுக்கு மே வரை காத்திருக்கச் சொல்வது அநியாயம் இல்லையா?

கஷ்டம் எனக்குப் புரிகிறது. பில்டரிடம் தேதி வாங்கியாயிற்று, அடமானக் கடன் ஓடுகிறது. ஆனால் வௌவாலின் ஆண்டு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நவம்பரிலிருந்து மார்ச் வரை அது உறக்கத்தில் இருக்கும். உடல் வெப்பத்தைத் தாழ்த்தி, இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பை மட்டும் வைத்து ஓட்டுகிறது. அந்த நேரத்தில் எழுப்பிவிட்டால் சேமிப்பு கரையும், வெளியே பூச்சியும் இருக்காது. பெரும்பாலும் வீட்டுக் கூரையை விட்டு, மாறாத குளிர் உள்ள வேறு இடத்துக்குப் போய்விடுவதால், ஜனவரியில் உங்கள் கூரையைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஏப்ரலில் விழித்து இடம் தேடி அலையும். மே மாதம் பெண்கள் கூடத் தொடங்கும். ஜூனில் குட்டி. மூன்று நான்கு வாரத்தில் குட்டி பறக்கக் கற்றுக்கொள்ளும், ஆகஸ்டில் தாயை விட்டுத் தனித்து இரை தேடும். செப்டம்பரில் கூட்டம் கலையும்.

ஆக, கூரையில் தாய்களும் குட்டிகளும் இருக்கின்றனவா என்ற முக்கியமான கேள்விக்குப் பதில் மே முதல் ஆகஸ்ட் வரைதான் கிடைக்கும். வழிகாட்டி செப்டம்பர் வரை அனுமதித்தாலும், அதிக வாய்ப்புள்ள கட்டிடத்துக்கு மூன்று மாலைகளில் குறைந்தது இரண்டு மே முதல் ஆகஸ்டுக்குள் இருக்கவேண்டும்.

இதில் என் ஆலோசனை ஒன்றே. ஆர்க்கிடெக்ட் வரைபடம் போடும் அதே வாரத்தில் பகல் ஆய்வை முடித்துவிடுங்கள். அதைக் குளிர்காலத்திலேயே செய்யலாம் என்று சொன்னேனே. மாலை ஆய்வு தேவை என்று பிப்ரவரியில் தெரிந்தால் மே முதல் வாரத்துக்கே ஆட்களைப் பதிவு செய்துகொள்ளலாம். ஜூலையில் தெரிந்தால் எல்லாச் சூழலியலாளர்களின் நாட்குறிப்பும் நிரம்பியிருக்கும். செப்டம்பர் கடைசியில் தெரிந்தால் அடுத்த மே. வௌவாலால் திட்டம் ஓராண்டு தள்ளிப்போயிற்று என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை, விஷயம் செப்டம்பரில் தெரிந்த கதைகள்தான்.

அனுமதியை முதலில் கொடுக்கட்டும், ஆய்வைப் பிறகு செய்கிறோம் என்று கவுன்சிலைக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் இருக்கிறதா, திட்டம் அதை எவ்வளவு பாதிக்கும் என்பதை அனுமதி தரும் முன்பே தெரிந்துகொள்ளவேண்டும் என்று 2005 ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கை சொல்கிறது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டுமே ஆய்வைப் பின்னுக்குத் தள்ள முடியும்.

எங்கள் வேலைக்கு கவுன்சிலின் பிளானிங் அனுமதியே தேவையில்லை. அப்போது இதெல்லாம் பொருந்தாது, சரிதானே?

இல்லை. அனுமதி தேவைப்படாத வேலைக்கும் வௌவால் சட்டம் முழுசாகப் பொருந்தும். கவுன்சில் நினைவுபடுத்தாது என்பது மட்டும்தான் வித்தியாசம். ஓடு மாற்றுவது, கூரை விளிம்புப் பலகையைப் பிளாஸ்டிக்காக்குவது, சுவர் இடுக்கில் இன்சுலேஷன் நிரப்புவது போன்ற வேலைகளில்தான் தெரியாமலே தங்கிடங்கள் அழிகின்றன. இப்படிச் சின்னப் பழுதுபார்ப்பு செய்யும் வீட்டுக்காரர்களுக்கு நேச்சுரல் இங்கிலாந்து என்ற அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சார்பில் இலவச ஆலோசனை உண்டு. தேசிய வௌவால் உதவித் தொலைபேசியில் கேட்டால் பயிற்சி பெற்ற தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். பிளானிங் விண்ணப்பத்துக்கு அந்த அறிக்கை செல்லாது, அதற்குத் தொழில்முறைச் சூழலியலாளர்தான் வேண்டும்.

வௌவால் இருக்கிறது என்று வந்துவிட்டது. திட்டம் போச்சா?

பெரும்பாலும் போகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் மக்கள் நம்புவதில்லை.

பிளானிங் அனுமதி கிடைத்த பிறகு நேச்சுரல் இங்கிலாந்திடம் லைசென்ஸ் வாங்கி வேலையைச் செய்யலாம். அதற்கு மூன்று விஷயம் பார்க்கிறார்கள். வேலைக்குப் பொதுநலன் சார்ந்த வலுவான காரணம் இருக்கவேண்டும். வௌவாலுக்குப் பாதிப்பில்லாத வேறு நல்ல வழி இல்லாமல் இருக்கவேண்டும். அந்த வகை வௌவாலின் நிலை அதன் இயற்கையான பரப்பில் கெட்டுவிடக்கூடாது. படிக்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு சாதாரணக் குடும்ப வீட்டில் ஒன்றிரண்டு பிபிஸ்ட்ரெல்கள் பகலில் தங்கிப்போகும் இடம் என்றால், இது வழக்கமாக நடந்து முடியும் காரியம். சிறிய தங்கிடங்களுக்குப் பதிவு பெற்ற சூழலியலாளர்கள் எளிய முறையிலேயே அனுமதி பெற்றுவிட முடிகிறது.

தாய்களும் குட்டிகளும் உள்ள பெரிய தங்கிடமோ அரிய வகையோ என்றால் கதை வேறு. அங்கே வேலை செய்யும் மாதம் மாறும், சில சமயம் வரைபடமே மாறும். கூரையின் ஒரு பகுதியை வௌவாலுக்கென்று தனியாக விட வேண்டியிருக்கலாம். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பல தலைமுறையாக அந்தக் கூரைக்கு வந்துகொண்டிருப்பவை அவை.

வேலை நாளில் சூழலியலாளர் கூடவே இருப்பார். ஓடுகளை இயந்திரத்தால் இழுக்காமல் கையால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் பார்த்துவிட்டு வைக்கவேண்டும். வௌவால் கிடைத்தால் லைசென்ஸ் உள்ளவர் மட்டும் கையுறையோடு எடுத்து, முன்பே மாட்டி வைத்திருக்கும் பெட்டியில் விடுவார். சில கட்டிடங்களில் வெளியே போகலாம், உள்ளே திரும்ப முடியாது என்ற மாதிரி ஒருவழித் தடுப்பு பொருத்துவோம். குட்டிகள் பறக்காத காலத்தில் அதைச் செய்யவே கூடாது. தாய் வெளியே, குட்டி உள்ளே என்றாகிவிடும்.

மாற்று இடம் என்றால் ஒரு மரப்பெட்டி மாட்டினால் போதுமா?

ஒன்றிரண்டு பிபிஸ்ட்ரெல்களுக்குப் போதும். இப்போது சுவருக்குள்ளேயே செங்கலோடு சேர்த்துக் கட்டிவிடும் பெட்டிகள் வருகின்றன. சுத்தம் செய்ய வேண்டாம், உதிர்ந்தும் போகாது. நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். நீள்காது வௌவாலுக்குப் பெட்டி உதவாது, அதற்குப் பறக்க இடமுள்ள லாஃப்ட் வேண்டும்.

பெட்டியை விட முக்கியமான இரண்டு விஷயங்களைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்று, ஓட்டுக்கு அடியில் விரிக்கும் தாள். இப்போது கட்டுமானத்தில் பரவலாகப் பயன்படும் காற்றுப்புகும் செயற்கை இழைத் தாள் வௌவாலுக்குக் கொலைக்கருவி. நகம் மாட்டி மாட்டி அதன் இழைகள் நூலாகப் பிரிந்து வரும். அந்த நூலில் கால் சிக்கி, விடுவிக்க முடியாமல் பட்டினி கிடந்து சாகும். வௌவால் தங்கும் பகுதியில் பழைய மாதிரியான, சாக்குத்துணி கலந்த 1எஃப் வகை பிட்டுமன் (தார்) ஃபெல்ட் பாதுகாப்பானது. பில்டர்கள் இதை மறுப்பார்கள், ஈரம் தங்கும் என்பார்கள். ஆர்க்கிடெக்டும் சூழலியலாளரும் உட்கார்ந்து பேசிக் காற்றோட்டத்துக்கு வழி செய்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை அது.

இரண்டாவது, வெளிச்சம். புது வீட்டில் அழகுக்காகச் சுவர் விளக்குப் போட்டு, அது நேராக வௌவால் வாசலில் அடித்தால் அவை கிளம்பவே தயங்கும். அந்திப் பூச்சி அதிகம் பறக்கும் நேரம் வீணாகும். தாய் சரியாக உண்ணாவிட்டால் குட்டிக்குப் பால் குறையும். வாசல் பக்கம் விளக்கே வேண்டாம். வேறு பக்கம் தேவை என்றால் கீழ்நோக்கிய, 2700 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள் வெளிச்சம், ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சாரோடு.

ரயில் பாதைக்காக 100 மில்லியன் பவுண்டில் வௌவால் சுரங்கம் கட்டியதாகப் படித்தோம். இது அளவுக்கு மீறியது இல்லையா?

எச்எஸ்2 அதிவேக ரயில் பாதை, பக்கிங்ஹாம்ஷயரில் ஷீப்ஹவுஸ் காட்டை ஒட்டிப் போகும் இடத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதையை மூடும் வளைவு அமைப்பு அது. அந்தக் காட்டில் பெக்ஸ்டைன் வௌவால் என்ற மிக அரிய வகை வாழ்கிறது. செலவு 100 மில்லியன் பவுண்டைத் தாண்டும் என்று 2024 நவம்பரில் திட்டத்தின் தலைவரே சொன்னார், அதிலிருந்து எல்லோர் வாயிலும் இதே பேச்சு.

அவ்வளவு பணத்தை அந்த வட்டாரத்துக் காடுகளை இணைத்து வளர்க்கச் செலவிட்டிருந்தால் வௌவாலுக்கே கூடுதல் நன்மை கிடைத்திருக்குமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்த உதாரணத்தைக் காட்டி வீட்டுக் கூரை ஆய்வையும் வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வீட்டுக்கு நாங்கள் கேட்பது சில மாலைகள், ஒரு ஃபெல்ட், இரண்டு பெட்டிகள்.

வௌவால் தவிர வேறு எதற்கெல்லாம் ஆய்வு செய்யவேண்டி வரும்?

தோட்டமும் நிலமும் சேர்ந்த திட்டம் என்றால் முதலில் மொத்த இடத்தையும் ஒருவர் நடந்து பார்த்து முதற்கட்ட அறிக்கை தருவார். அதில் என்ன தெரிகிறதோ அதைப் பொறுத்து அடுத்தது.

பக்கத்தில் குளம் இருந்தால் கிரேட் கிரெஸ்டட் நியூட் என்ற நீர்ப்பல்லி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கறுத்த உடல், ஆரஞ்சு வயிறு, ஆணுக்குக் காதல் காலத்தில் முதுகில் கொண்டை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 30க்குள் குளத்துத் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் அதன் டிஎன்ஏ கிடைக்கிறதா என்று தெரிந்துவிடும். பல மாவட்டங்களில் இதற்கு மாற்றாகக் கட்டணம் செலுத்தினால், அந்தப் பணத்தில் வேறிடத்தில் புதுக் குளங்கள் வெட்டுகிறார்கள்.

பேட்ஜர் என்ற, மண்ணில் வளை தோண்டி வாழும் பிராணியின் வளைக்கு 1992 ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இருக்கிறது. வளையை மூட வேண்டி வந்தால் லைசென்ஸோடு, பொதுவாக ஜூலை முதல் நவம்பர் வரைதான் செய்ய முடியும். வேலிச் செடிகளிலும் புதர்க்காட்டிலும் டார்மவுஸ் என்ற சின்னக் கொறிப்பிராணி, வெயில் படும் புல்மேட்டில் காலில்லாப் பல்லியும் பாம்புகளும், ஓடைக் கரையில் நீர்வோல் எலி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம்.

பறவைகள்: முட்டையோ குஞ்சோ உள்ள எந்தக் கூட்டையும் எந்தப் பறவையினுடையதானாலும் கலைக்கக்கூடாது. அதனால் வேலிச்செடி வெட்டுவதையும் கூரை பிரிப்பதையும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவிர்ப்பது நல்லது. களஞ்சியத்தில் கூகை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், கூட்டருகே தொந்தரவு செய்வதே குற்றம். உழவாரன் குருவிகளும் வீட்டுக் கூரையை நம்பி வாழ்பவைதான். சுவரில் அவற்றுக்கான துளைச்செங்கல் ஒன்றிரண்டு வைத்துக் கட்டுவது அற்பச் செலவு, தயவுசெய்து வையுங்கள்.

இயற்கை வளத்தை 10 சதவீதம் கூட்டித் தரவேண்டும் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. 2024 பிப்ரவரியில் பெரிய திட்டங்களுக்கும் அதே ஆண்டு ஏப்ரலில் சிறிய திட்டங்களுக்கும் இங்கிலாந்தில் வந்த விதி அது. இடத்தில் முன்பிருந்த வாழிட மதிப்பைவிட 10 சதவீதம் கூட்டி, 30 ஆண்டு பராமரிக்கவேண்டும். சாதாரண வீட்டு எக்ஸ்டென்ஷன் விண்ணப்பங்களுக்கு விலக்கு உண்டு. வௌவால் ஆய்வுக்கு அந்த விலக்கு இல்லை.

வேலை நடுவே திடீரென்று ஒரு வௌவால் வந்துவிட்டது. என்ன செய்வது?

வேலையை நிறுத்துங்கள். பிரித்த ஓட்டை மெதுவாகத் திரும்ப வைக்க முடிந்தால் வைத்துவிட்டு, சூழலியலாளரையோ வௌவால் உதவித் தொலைபேசியையோ கூப்பிடுங்கள். அடிபட்டுக் கீழே கிடந்தால் மட்டும், தடித்த கையுறை போட்டுக்கொண்டு, காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் மென்துணியோடு வைத்து, பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். வேலையாட்களுக்கு இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். கூரையில் நிற்பவருக்கு அவசரத்தில் எதுவும் நினைவுக்கு வராது.

நோய் வருமா?

வெறும் கையால் தொடாதவரை பயமில்லை. ரேபிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் பிரிட்டனில் மிகச் சில வௌவால்களில் உண்டு. 2002 இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் கையாண்டு வந்த ஒருவர் அதனால் இறந்தார். அதனால்தான் நாங்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்கிறோம். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூரைக்குள் அவை இருப்பதால் கீழே வசிப்பவர்களுக்கு ஆபத்து இல்லை. ஒயரைக் கடிக்காது, மரத்தை அரிக்காது, கூடும் கட்டாது.

அறிக்கை எத்தனை நாள் செல்லும்?

பொதுவாக 12 முதல் 18 மாதம். அதைத் தாண்டினால் கவுன்சில் மறுபடி பார்க்கச் சொல்லும். ஓடு நழுவினாலோ கட்டிடம் காலியாகக் கிடந்தாலோ நிலைமை மாறியிருக்கும்.

நல்ல சூழலியலாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வௌவால் ஆய்வு லைசென்ஸ் இருக்கிறதா, சிஐஇஇஎம் என்ற சூழலியலாளர்களின் தொழில்முறை அமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். விலைப்பட்டியலைப் பகல் ஆய்வு, மாலை ஆய்வு, அறிக்கை, லைசென்ஸ் என்று தனித்தனியாக வாங்குங்கள். மாலை ஆய்வுக்கு எத்தனை பேர் வருவார்கள், கேமரா உண்டா என்றும் கேட்கவேண்டும். கட்டிடத்தைப் பார்க்காமலே மூன்று மாலை வேண்டும் என்பவரையும், பார்க்காமலே ஒன்றும் இருக்காது என்பவரையும் தவிர்த்துவிடுங்கள்.

யாருக்கும் தெரியாமல் முடித்துவிட்டால்?

தங்கிடத்தை அழித்தால் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா என்று சட்டம் பார்ப்பதில்லை. வரம்பில்லாத அபராதம், ஆறு மாதம் வரை சிறை. 2020 இல் ஒரு பெரிய வீடுகட்டும் நிறுவனம் லண்டன் கிரீனிச்சில் சொப்ரானோ பிபிஸ்ட்ரெல் தங்கிடம் இருந்த கட்டிடத்தை லைசென்ஸ் இல்லாமல் இடித்ததற்கு 6 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. அங்கே வௌவால் இருப்பது அவர்களுடைய ஆய்வறிக்கையிலேயே எழுதியிருந்தது. சட்டத்தை விடுங்கள், உள்ளே இருப்பது குட்டிகள்.

பக்கத்து வீட்டில் தங்கிடத்தைப் பிரிக்கிறார்கள் போலத் தெரிகிறது. நான் என்ன செய்யலாம்?

முதலில் போய்ப் பேசுங்கள், பலருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது. கேட்கவில்லை என்றால் காவல்துறைக்கு 101இல் சொல்லி, வனவுயிர்க் குற்ற அதிகாரியிடம் சேர்க்கும்படி கேளுங்கள். அந்த நிமிடமே நடந்துகொண்டிருந்தால் அவசர எண் 999. நீங்கள் வௌவால் பறந்து வந்ததைப் பார்த்த தேதி, நேரம், எந்த இடத்துச் சந்து என்பதைக் குறித்துவைத்துக் கொடுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து எடுத்த புகைப்படம் இருந்தால் அதையும் கொடுங்கள். அவர்கள் நிலத்துக்குள் மட்டும் போகாதீர்கள்.